ஊசி போட்டாச்சு, மாஸ்க்கைக் கழற்றலாமா? – கொரோனா கேள்வி பதில், மார்ச் 2021

1977 ஜனவரி 1-க்கு முன் பிறந்த எல்லோருக்கும் 2021 ஏப்ரல் 1 முதல் கொரோனா தடுப்பூசி என்று மத்திய அரசு அறிவித்ததும் கடிதங்கள் குவிந்துவிட்டன. தொற்று மறுபடி ஏறிக்கொண்டிருக்கிறது. ஏப்ரல் 6-ல் தமிழ்நாடு சட்டமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு வேறு. கடிதங்களைப் படித்ததில், பெரும்பாலோர் சறுக்குவது நாள் கணக்கில்தான் என்று தெரிகிறது. டெஸ்ட் எடுப்பதில் அவசரப்படுகிறார்கள், ஊசி போட்ட மறுநாளே துணிந்துவிடுகிறார்கள். அதனால் நாள் கணக்கைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். (இங்கே உள்ள விதிகள் எல்லாம் 2021 மார்ச் நிலவரப்படி; அவற்றில் பல பின்னர் மாறிவிட்டன.)

அப்பாவுக்கு 68 வயது. மார்ச் 12-ஆம் தேதி கோவிஷீல்டு முதல் டோஸ் போட்டாச்சு. "எனக்கு இனி ஒண்ணும் வராது" என்று மாஸ்க் இல்லாமல் கல்யாணம் கல்யாணமாகப் போகிறார். சொன்னால் கேட்பதில்லை. – வாசகி, கும்பகோணம்

அப்பாவிடம் இந்தத் தேதிகளைக் காட்டுங்கள். ஊசி போட்ட முதல் இரண்டு வாரத்தில் பாதுகாப்பு ஏறக்குறைய இல்லை. உடல் அப்போதுதான் வைரஸின் அடையாளத்தைப் பழகிக்கொண்டிருக்கும். அதன் பிறகு ஓரளவு கிடைக்கும். இரண்டாவது டோஸ் போட்டு 14 நாள் கழிந்தால்தான் முழுப் பலன் என்று கணக்கில் எடுக்கலாம்.

இரண்டாவது டோஸை முன்பு 28-ஆம் நாள் போட்டார்கள். இடைவெளி கூடினால் பலனும் கூடுகிறது என்று தெரிந்ததால், கோவிஷீல்டுக்கு 6 முதல் 8 வாரம் விடும்படி மார்ச் 22-ல் மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. அப்பாவுக்கு அது ஏப்ரல் 23-க்கும் மே 7-க்கும் இடையில் வரும். எட்டு வாரத்தைத் தாண்ட விடாதீர்கள். கோவாக்சின் போட்டவர்களுக்கு இந்த மாற்றம் இல்லை. அவர்களுக்குப் பழைய நாலு வாரக் கணக்குதான். முதல் டோஸ் எந்த ஊசியோ அதையேதான் இரண்டாவதும் போட வேண்டும். சான்றிதழில் பெயர் இருக்கும், கையோடு எடுத்துப் போங்கள்.

இரண்டு டோஸும் முடிந்தாலும் மாஸ்க் வேண்டும். ஆராய்ச்சியில் முக்கியமாக அளந்தது, ஊசி போட்டவருக்கு நோய் வருகிறதா என்பதைத்தான். அறிகுறியே இல்லாமல் தொற்றிக்கொண்டு, அதை வீட்டிலிருக்கும் ஊசி போடாதவருக்குக் கொடுப்பாரா என்பதற்கு 2021 மார்ச்சில் முழு விடை வந்திருக்கவில்லை.

கல்யாணத்தில் ஆபத்தான இடம் பந்தி. எல்லோரும் ஒரே நேரத்தில் மாஸ்க்கைக் கழற்றி, தோளோடு தோள் உட்கார்ந்து, சத்தமாகப் பேசிக்கொண்டு அரை மணி நேரம் சாப்பிடும் இடம் அது. ஏசி ஹால் என்றால் ஜன்னலும் மூடியிருக்கும். முகூர்த்தத்துக்கு மாஸ்க்கோடு போய் வாழ்த்திவிட்டு, சாப்பாட்டைக் கட்டி வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். மனஸ்தாபம் வந்தால் பிறகு பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

70 சதவீதப் பலன் என்றால், ஊசி போட்ட 100 பேரில் 30 பேருக்கு கொரோனா வரும் என்றுதானே அர்த்தம்? – வாசகர், சேலம்

இல்லை. கோவாக்சின் கணக்கைப் பார்த்தால் எளிதில் புரியும். பாரத் பயோடெக் மார்ச் 3-ல் வெளியிட்ட இடைக்கால முடிவு இது: 25,800 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மருந்தும் மறு பாதிக்கு மருந்தில்லாத ஊசியும் போட்டார்கள். மொத்தம் 43 பேருக்குக் கொரோனா வந்தது. அதில் 36 பேர் மருந்தில்லாத ஊசி போட்டவர்கள், 7 பேர் மருந்து போட்டவர்கள். 36 வந்திருக்க வேண்டிய இடத்தில் 7 வந்ததால்தான் 81 சதவீதம் என்கிறார்கள்.

கோவிஷீல்டின் 70 சதவீதமும் இதே மாதிரி, போடாதவர்களோடு ஒப்பிட்டுச் சொன்னதுதான். அதைவிட முக்கியமானது ஒன்று: ஆக்ஸ்போர்டு தடுப்பூசியின் ஆய்வில் (கோவிஷீல்டும் அதே மருந்துதான், புனேயில் சீரம் இன்ஸ்டிடியூட் தயாரிக்கிறது) முதல் டோஸ் போட்டு 21 நாளுக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் சேர்ந்த 10 பேருமே அந்த ஊசி போடாத பிரிவினர். லேசான காய்ச்சல் வரலாம், வராமலும் போகலாம். ஆக்சிஜன் படுக்கை வரை போகாமல் காப்பதுதான் இந்த ஊசியிடம் நாம் எதிர்பார்க்க வேண்டியது. எந்தக் கம்பெனி ஊசி நல்லது என்று காத்திருப்பதைவிட, கிடைப்பதை உடனே போட்டுக்கொள்வது புத்திசாலித்தனம்.

ஊசி போட்ட அன்று இரவு 101 டிகிரி காய்ச்சல், உடம்பு வலி. ஊசியால்தான் கொரோனா வந்துவிட்டதா? டெஸ்ட் எடுக்கணுமா? – வாசகர், மதுரை

ஊசியால் கொரோனா வராது. கோவாக்சினில் இருப்பது கொல்லப்பட்ட வைரஸ். கோவிஷீல்டில் இருப்பது பெருகும் திறனை நீக்கிய வேறொரு வைரஸ். கொரோனாவின் முள் புரதத்துக்கான குறிப்பை மட்டும் அது சுமந்து வருகிறது. காய்ச்சல், குளிர், கை வலி, தலைவலி எல்லாம் ஊசி போட்ட சில மணி நேரத்தில் தொடங்கி ஓரிரு நாளில் அடங்கிவிடும். பாரசிட்டமால் 500 அல்லது 650 மில்லிகிராம், தேவைப்பட்டால் ஆறு மணி நேர இடைவெளியில். நிறைய தண்ணீர் குடியுங்கள். வரும்முன் தடுக்கிறேன் என்று ஊசிக்கு முன்பே மாத்திரை போட வேண்டாம்.

இருமல், மணம் சுவை தெரியாமல் போவது, மூச்சு வாங்குவது ஆகியவை ஊசியின் விளைவு அல்ல. இவை வந்தாலோ, காய்ச்சல் மூன்றாம் நாளும் இறங்காவிட்டாலோ டெஸ்ட் எடுங்கள். ஊசிக்கு முன்பே, அல்லது ஊசி போட்ட வரிசையிலேயே தொற்றிக்கொண்டிருக்கலாம். ஊசி போட்டதால் ஆர்.டி.பி.சி.ஆர். பாசிட்டிவ் காட்டாது. அது மூக்கிலும் தொண்டையிலும் வைரஸின் மரபுப் பொருளைத் தேடும் சோதனை. ஊசி போவது கைத் தசையில்.

கோவிஷீல்டு இரண்டு டோஸும் போட்டு ஒரு மாதம் கழித்து ஆன்டிபாடி டெஸ்ட் எடுத்தேன். நெகட்டிவ்! ஊசி வேலை செய்யவில்லையா? – வாசகர், சென்னை

ரிப்போர்ட்டில் எந்தப் புரதத்துக்கான ஆன்டிபாடி என்று போட்டிருக்கிறது, பாருங்கள். லேப்களில் இரண்டு வகை கிட் இருக்கின்றன. ஒன்று வைரஸின் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பைக் (முள்) புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடியைத் தேடும். மற்றது உள்ளே இருக்கும் நியூக்ளியோகேப்சிட் புரதத்துக்கு எதிரானதை. கோவிஷீல்டு உடலுக்குக் காட்டுவது ஸ்பைக்கை மட்டும்தான். அதனால் இரண்டாம் வகை கிட்டில், ஊசி நன்றாக வேலை செய்திருந்தாலும், நெகட்டிவ்தான் வரும்.

அந்தச் செலவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. எவ்வளவு இருந்தால் பாதுகாப்பு என்று யாரும் அளவு நிர்ணயிக்கவில்லை. எண் பெரிதாக வந்தால் அசட்டுத் துணிச்சல், சிறிதாக வந்தால் வீண் கவலை.

இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்தவன். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறேன். ஐரோப்பாவில் ரத்தக்கட்டு வருகிறது என்று ஊசியை நிறுத்திவிட்டார்களாமே? – வாசகர், தூத்துக்குடி

மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஊசிக்காக நாமாகவே அதை நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறவர்கள் நர்ஸிடம் சொல்லிவிட்டு ஊசி போட்ட இடத்தைப் பஞ்சால் இரண்டு நிமிடமாவது அழுத்திப் பிடியுங்கள், தேய்க்க வேண்டாம். வார்ஃபரின், அசிட்ரோம் சாப்பிடுகிறவர்கள் சமீபத்திய ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் சோதனை) அளவு எல்லைக்குள் இருக்கிறதா என்று உங்கள் டாக்டரிடம் காட்டிவிட்டுப் போங்கள். பிரஷர், சர்க்கரை மாத்திரைகளும் வழக்கம்போல. வெறும் வயிற்றில் போக வேண்டாம்.

ஐரோப்பாவில் சில நாடுகள் ஆஸ்ட்ராஜெனெகா ஊசியை (மேலே சொன்ன ஆக்ஸ்போர்டு தடுப்பூசிதான், நம் கோவிஷீல்டும் அதே மருந்து) நிறுத்திவைத்தது உண்மை. ஐரோப்பிய மருந்து முகமை மார்ச் 18-ல், ஊசி போட்டவர்களிடம் மொத்தத்தில் ரத்தக்கட்டு கூடவில்லை, ஊசியின் நன்மையே அதிகம் என்று சொன்னது. கூடவே, ரத்தத் தட்டணுக்கள் குறைந்து மூளையின் ரத்தக்குழாயில் கட்டு வந்த மிக அரிதான சில நேர்வுகளை அப்போது இன்னும் ஆராய்ந்துகொண்டிருந்தது. அதனால் ஊசி போட்டு நாலு நாளுக்கு மேல் ஆன பிறகும் விடாத கடும் தலைவலி, பார்வை மங்கல், கால் வீக்கம், நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், ஊசி போடாத இடங்களில் தோலுக்கடியில் சிவப்புப் புள்ளிகள் என்று எது வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உங்களைப் போன்ற இதய நோயாளிக்குக் கொரோனாவால் வரும் ரத்தக்கட்டு இதைவிடப் பல மடங்கு நிஜமான ஆபத்து.

பிப்ரவரியில் கொரோனா வந்து குணமானேன். எனக்கும் ஊசி தேவையா? – வாசகி, கோவை

தேவை. 2021 மார்ச் விதிப்படி, குணமாகி 4 முதல் 8 வாரம் விட்டுப் போட வேண்டும். இரண்டு டோஸும் போட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போன மைத்துனருக்கு செவ்வாய்க்கிழமை பாசிட்டிவ். புதன்கிழமையே நாங்கள் நாலு பேரும் டெஸ்ட் எடுத்தோம், எல்லோருக்கும் நெகட்டிவ். நிம்மதியாக இருக்கலாமா? – வாசகர், திருச்சி

இன்னும் இல்லை. நீங்கள் டெஸ்ட் எடுத்தது சீக்கிரம்.

வைரஸ் உள்ளே போனதும் டெஸ்டில் பிடிபடாது. முதலில் பெருக வேண்டும். அறிகுறி வர சராசரியாக 5 நாள், சிலருக்கு 2, சிலருக்கு 14 வரை ஆகும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2020-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் போட்ட கணக்கின்படி, தொற்றிய முதல் நாள் ஆர்.டி.பி.சி.ஆர். எடுத்தால் தொற்று இருக்கும் எல்லோருக்கும் நெகட்டிவ்தான். நாலாம் நாளில் 67 சதவீதம் பேருக்குத் தவறாக நெகட்டிவ். அறிகுறி தொடங்கும் நாளில் 38, அதிலிருந்து மூன்றாம் நாள் 20. அதாவது மிகச் சரியான நாளில் எடுத்தாலும் ஐந்தில் ஒருவரைத் தவறவிடும்.

அறிகுறி இல்லாத தொடர்பினர், பழகிய நாளிலிருந்து 5-ஆம் நாளுக்கும் 10-ஆம் நாளுக்கும் இடையில் ஒருமுறை எடுக்க வேண்டும் என்பது ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) அப்போதைய வழிகாட்டுதல். உங்கள் கணக்கு ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஓடுகிறது. அந்த வார வெள்ளிக்கிழமைக்கும் அடுத்த புதன்கிழமைக்கும் இடையில் மறுபடி எடுங்கள். நடுவில் காய்ச்சல், தொண்டை வலி வந்தால் காத்திருக்காமல் அன்றே எடுங்கள். ரிசல்ட் எதுவானாலும் 14 நாள் வீட்டை விட்டு வெளியே போகாதீர்கள். நெகட்டிவ் என்பது சாம்பிள் எடுத்த அந்த நேரத்தின் செய்தி, அடுத்த வாரத்துக்கான உத்தரவாதம் அல்ல.

சாம்பிள் எடுப்பதிலும் தவறு நடக்கிறது. குச்சி மூக்குத் துவாரத்தின் முனையில் தடவிவிட்டு வரக்கூடாது. மூக்குக்கும் காதுக்கும் நடுவில் உள்ள ஆழம் வரை, மேல்நோக்கி அல்ல, தரைக்கு இணையாக உள்ளே போய், சில நொடி நின்று சுழல வேண்டும். கண்ணில் நீர் வரும். நாம் தலையைப் பின்னுக்கு இழுத்துவிடுவதால்தான் பாதி சாம்பிள் வீணாகிறது. சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு, முன்னதாக மூக்கைச் சிந்திவிட்டு உட்காருங்கள். தொண்டையிலும் எடுப்பதால் அரை மணி நேரம் முன்பிருந்து எதுவும் சாப்பிட வேண்டாம்.

ரேபிட் டெஸ்ட், சி.டி. ஸ்கேன் இவற்றில் எது எடுக்கலாம்? ரிப்போர்ட்டில் சி.டி. வேல்யூ 19 என்று இருக்கிறது, ஆபத்தா? – வாசகர், வேலூர்

ரேபிட் ஆன்டிஜென் அரை மணியில் முடிவு சொல்லும். பாசிட்டிவ் என்றால் நம்பலாம். அறிகுறி இருந்து நெகட்டிவ் வந்தால் நம்பக்கூடாது, உடனே ஆர்.டி.பி.சி.ஆர். எடுக்க வேண்டும். 2021-ல் தமிழ்நாட்டில் பெரும்பாலும் ஆர்.டி.பி.சி.ஆரே எடுத்ததால் இந்தக் குழப்பம் நமக்குக் குறைவு.

ஸ்கேன் நோயைக் கண்டுபிடிக்க அல்ல, நுரையீரல் பாதிப்பை அளக்க. முதல் இரண்டு மூன்று நாளில் எடுத்தால் நுரையீரலில் பாதிப்பே இல்லாததுபோலத் தெரியும், அது பொய் நிம்மதி. டாக்டர் சொன்னால் மட்டும் எடுங்கள்.

சி.டி. வேல்யூ என்பது (சி.டி. ஸ்கேனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இது ஆர்.டி.பி.சி.ஆர். ரிப்போர்ட்டில் வருவது), வைரஸைக் கண்டுபிடிக்க மெஷின் எத்தனை சுற்று நகல் எடுத்தது என்ற எண். 35-க்குள் என்றால் பாசிட்டிவ். எண் குறைந்தால் அந்தச் சாம்பிளில் வைரஸ் அதிகம். ஆனால் குச்சி சரியாகப் போனதா, எந்தக் கிட், ஐஸ் பெட்டியில் சரியாக வந்ததா என்பதையெல்லாம் பொறுத்து எண் மாறும். நோய் முற்றுமா என்பதை அதை வைத்துச் சொல்லக்கூடாது என்பதே ஐ.சி.எம்.ஆர். நிலை. 19 வந்தவர் வீட்டிலேயே குணமாவதும் 30 வந்தவர் ஆக்சிஜனுக்குப் போவதும் உண்டு. பார்க்க வேண்டிய எண் ஆக்சிமீட்டரில் இருக்கிறது.

ஆக்சிமீட்டர் வாங்கிவிட்டோம். ஒரு நேரம் 97, ஒரு நேரம் 91 காட்டுகிறது. எதை நம்புவது? – வாசகி, ஈரோடு

கை குளிர்ந்திருந்தாலும், ஆடினாலும், நகப்பூச்சோ மருதாணியோ இருந்தாலும் அளவு குறைத்துக் காட்டும். ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்குங்கள். சாயம் இல்லாத ஆள்காட்டி விரலையோ நடுவிரலையோ முழுக்க உள்ளே விட்டு, கையை மார்பருகே அசையாமல் வையுங்கள். முதலில் வரும் எண்ணை விட்டுவிடுங்கள். எண் நிலைத்து நிற்க அரை நிமிடமாவது ஆகும். அதைத்தான் நோட்டில் குறிக்க வேண்டும். நாடித்துடிப்பும் காட்டும். அது மணிக்கட்டில் விரல் வைத்து எண்ணியதோடு ஒத்துப்போகவில்லை என்றால் அந்த அளவு செல்லாது.

நாளுக்கு நாலு முறை அளந்து, தேதி, நேரத்தோடு எழுதுங்கள். 94-க்குக் கீழே நிலைத்தால் 108-ஐ அழையுங்கள். உட்கார்ந்து 96 இருப்பவர், துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, வீட்டுக்குள் ஆறு நிமிடம் நடந்து பாருங்கள். 94-க்குக் கீழே இறங்கினாலோ, மூன்று புள்ளிக்கு மேல் சரிந்தாலோ, மூச்சு வாங்கினாலோ டாக்டரிடம் போக வேண்டும். மூச்சு வாங்கும்போது எண் நன்றாகத்தான் இருக்கிறது என்று உட்காராதீர்கள். கறுத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிடக் கூட்டிக் காட்டுவதுண்டு என்று அமெரிக்க மருத்துவமனை ஆய்வு ஒன்று டிசம்பரில் எச்சரித்தது. நம்மவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

குணமாகி 17 நாள் ஆச்சு. கம்பெனியில் நெகட்டிவ் ரிப்போர்ட் கேட்கிறார்கள், டெஸ்டில் இன்னும் பாசிட்டிவ்! – வாசகர், ஓசூர்

செத்த வைரஸின் துணுக்குகள் வாரக்கணக்கில் மூக்கில் கிடக்கும். டெஸ்ட் அதையும் பிடிக்கும். லேசான நோய்க்கு, அறிகுறி தொடங்கி 10 நாள், அதில் கடைசி 3 நாள் காய்ச்சல் இல்லை என்றால் தனிமை முடிந்தது. மேலும் 7 நாள் வீட்டில் கவனமாக இருந்தால் போதும், மறுபடி டெஸ்ட் தேவையில்லை என்பதுதான் 2021 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகத்தின் விதி. அந்த வழிகாட்டுதலையும் டாக்டர் கடிதத்தையும் கம்பெனியில் கொடுங்கள். நெகட்டிவ் கேட்டுத் தொழிலாளியை மாதக்கணக்கில் சம்பளமின்றி நிறுத்துவதில் நியாயமே இல்லை.

இரண்டு மாஸ்க் போடச் சொல்கிறார்களே? – வாசகி, சென்னை

பஸ், ஆஸ்பத்திரி, மார்க்கெட் போனால் போடுங்கள். உள்ளே மூன்றடுக்கு சர்ஜிக்கல், அதன்மேல் இறுக்கமான துணி மாஸ்க். சர்ஜிக்கலின் துணி நல்ல வடிகட்டிதான், ஆனால் கன்னத்தின் இரு பக்கமும் வாய் பிளந்து நிற்கும். காற்று அந்த வழியாகப் போய்வரும். மேலே போடும் துணி அந்த இடைவெளியை அமுக்குகிறது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் பிப்ரவரி சோதனையில், பொம்மை இருமிய துகள்களில் சர்ஜிக்கல் மட்டும் 42 சதவீதத்தைத் தடுத்தது, துணி மட்டும் 44, இரண்டும் சேர்ந்து 92.

துணி மாஸ்க் இல்லையா? சர்ஜிக்கலின் காது நாடாவை, மாஸ்க்கை ஒட்டிய இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டு, பக்கவாட்டில் பிதுங்கும் மடிப்பை உள்ளே செருகுங்கள். மூக்குக் கம்பியை இரு விரலால் அழுத்துங்கள். கண்ணாடி போட்டவர்களுக்கு ஆவி படிந்தால் மேலே ஒழுகுகிறது என்று பொருள். இரண்டு சர்ஜிக்கல் ஒன்றாகப் போடுவது வீண். என்-95 போட்டால் அதுவே போதும். வால்வு வைத்தது வேண்டாம், உங்கள் மூச்சு வடிகட்டாமல் எதிரே இருப்பவருக்குப் போகும். சர்ஜிக்கலையும் என்-95-ஐயும் துவைக்கக்கூடாது.

வாசலில் பிளீச்சிங் பவுடர் தூவுகிறேன், தினமும் மூன்று வேளை ஆவி பிடிக்கிறோம். போதுமா? – வாசகி, விழுப்புரம்

தூவும் பொடியால் பயனில்லை. கரைத்தால்தான் வேலை செய்யும். நோயாளி பயன்படுத்தும் கழிப்பறைக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 30 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து, தெளியவிட்டு, மேல் தெளிவை ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். அன்றன்றைக்கு அன்றன்று கரையுங்கள். ஆசிட்டோடு சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பி மூச்சடைக்கும். ஆவி மூக்கடைப்புக்கு இதம், அவ்வளவுதான். வைரஸைக் கொல்லாது. பிள்ளைகள் கொதிநீரைக் கவிழ்த்துக்கொள்கிறார்கள். அதற்குப் பதிலாக எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். இந்த நோய் முக்கியமாக மூடிய அறையின் காற்றில்தான் பரவுகிறது.

ஓட்டுப்போடப் போகலாமா? வீட்டில் ஒருவருக்குப் பாசிட்டிவ். – வாசகர், நாகர்கோவில்

போகலாம். வாக்குப்பதிவு காலை 7 முதல் இரவு 7 வரை. கடைசி ஒரு மணி நேரம் தொற்று உள்ளவர்களுக்காக ஒதுக்கப்பட்டிருக்கிறது. தனிமையில் இருக்கும் நீங்களும் முன்கூட்டியே வாக்குச்சாவடி அலுவலரிடம் சொல்லி, கூட்டம் இல்லாத அந்த நேரத்தில் போவதே மற்றவர்களுக்கு நல்லது.

மற்றவர்களுக்கு: வாசலில் காய்ச்சல் பார்ப்பார்கள். வெயிலில் நின்றதால் அளவு கூடினால் நிழலில் நின்று மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் கூடினால் டோக்கன் கொடுத்துக் கடைசி மணி நேரத்தில் வரச் சொல்வார்கள். வலது கைக்கு ஒரு கையுறை தருவார்கள். கையெழுத்தும் பட்டனும் அந்தக் கையால், மை இடது கையில். ஆள் அடையாளம் பார்க்க மாஸ்க்கை இறக்கச் சொன்னால், அந்த நொடி பேசாமல் இறக்கிவிட்டு உடனே ஏற்றுங்கள். வெளியே வந்ததும் கையுறையை மணிக்கட்டிலிருந்து உள்புறம் வெளியே வருமாறு உரித்து, அங்குள்ள தொட்டியில் போட்டுவிட்டு, இரண்டு கையிலும் சானிடைசர் தடவி முழுதாகக் காயவிடுங்கள்.